பெட்டியில் போட்டிருக்கும் பெயரை விடுங்கள், சிப்பைப் பாருங்கள்: லினக்ஸில் விரிவாக்கக் கார்டுகள்

பழைய டெஸ்க்டாப்பில் இன்னும் நாலைந்து ஹார்ட் டிஸ்க் மாட்ட வேண்டும், 2.5 கிகாபிட் நெட்வொர்க் வேண்டும், வைஃபை வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு கிடைக்கிறது. வாங்கிச் செருகிவிடலாம். ஆனால் கணினியில் ஓடுவது லினக்ஸ் என்றால், காசு கொடுக்கும் முன் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: இது நம் மெஷினில் ஓடுமா? கடையில் கேட்டால் “எல்லாத்துலயும் ஓடும் சார்” என்பார்கள். பெட்டியின் பின்பக்கத்திலும் ‘லினக்ஸ்’ என்று அச்சடித்திருக்கும். பல நேரம் அதற்கு அர்த்தம், கார்டோடு வரும் குறுந்தட்டில் எப்போதோ ஒரு பழைய கெர்னலுக்காக (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிய டிரைவரின் மூல நிரல் கிடக்கிறது என்பதுதான். இன்றைய கெர்னலில் அது கம்பைல் ஆகாமலே போகலாம்.

இந்தக் கேள்விக்குக் காசு செலவழிக்காமல், வீட்டில் உட்கார்ந்தபடியே பெரும்பாலும் உறுதியான விடை காண முடியும். அதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். கார்டில் இருக்கும் சிப் எது, நம் கெர்னல் அந்தச் சிப்பை அறியுமா, நம் மதர்போர்டின் ஸ்லாட் அதற்குப் போதுமா. கார்டை விற்கும் நிறுவனத்தின் பெயர் இந்த மூன்றிலும் வராது.

சிப்பை அடையாளம் காண்பது

கார்டு விற்பவர் வேறு, சிப் செய்பவர் வேறு. பத்து நிறுவனங்கள் பத்துப் பெயரில் விற்கும் நெட்வொர்க் கார்டுகளில் ஒரே ரியல்டெக் சிப் இருக்கும். அதற்கு நேர்மாறாக, ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப்பே மாறியிருக்கும். இதற்குப் பேர்போன உதாரணம் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபை. முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப். லினக்ஸில் செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். அதன் கதையே வேறு. பெயரும் படமும் அதேதான். பதிப்பு எண் ஒட்டுத்தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். இணையத்தில் ‘இந்த மாடல் லினக்ஸில் பிரமாதமாக ஓடுகிறது’ என்று படித்ததை நம்பி வாங்கி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே முதலில் கார்டின் படத்தைப் பெரிதாக்கிச் சிப்பின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். ஹீட் சிங்க் மூடியிருந்தால் விற்பவரிடம் சிப் எண்ணைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாது என்றால் வேறு கார்டு பார்ப்பது நல்லது. சிப் எண் வெளிப்படையாகத் தெரியும் கார்டுகள் அதே விலையில் நிறையக் கிடைக்கின்றன.

சிப் எண்ணைவிட நம்பகமானது ஐடி எண். ஒவ்வொரு பிசிஐ சாதனமும் தன்னிடம் இரண்டு எண்களை வைத்திருக்கும்: தயாரிப்பாளருக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று. இரண்டும் பதினாறடிமான முறையில் நான்கு இலக்கம். இன்டெலின் எண் 8086, அவர்களுடைய பழைய பிராசசரின் பெயர். எல்எஸ்ஐக்கு 1000. ரெனசாஸுக்கு 1912. 8086:1533 என்றால் இன்டெல் ஐ210 நெட்வொர்க் சிப். 1912:0014 என்றால் ரெனசாஸின் யூஎஸ்பி 3 சிப். கெர்னல் தன் டிரைவரைத் தேடிப் பிடிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

கார்டு ஏற்கெனவே ஏதாவது ஒரு லினக்ஸ் கணினியில் இருந்தால், டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை என், என், கே என்ற மூன்று எழுத்துகளோடு ஓட்டுங்கள். முதல் இரண்டும் சேர்ந்து பெயரோடு ஐடி எண்ணையும் சதுர அடைப்புக்குள் காட்டும். கே எழுத்து, எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும். விண்டோஸ் கணினியில் இருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் மேல் இருமுறை சொடுக்கி, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘வென்’ என்பதற்குப் பின்னால் தயாரிப்பாளர் எண்ணும் ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் சாதன எண்ணும் வரும். பழைய கார்டை விற்பவரிடம் இந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பச் சொன்னால் போதும். மற்றதெல்லாம் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

கெர்னலிடமே கேட்பது

ஐடி எண் கையில் கிடைத்ததும் எங்கெங்கோ தேட வேண்டாம். விடை உங்கள் கணினியிலேயே இருக்கிறது. லிப் அடைவுக்குள் மாட்யூல்ஸ் என்ற அடைவு, அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பெண்ணே பெயராக இன்னொரு அடைவு, அதில் ‘மாட்யூல்ஸ்.அலியாஸ்’ என்ற கோப்பு. இந்தக் கெர்னலோடு வந்த டிரைவர் மாட்யூல்கள் எந்தெந்த ஐடிகளை ஏற்கும் என்ற முழுப் பட்டியல் அது. ஒவ்வொரு வரியிலும் ‘வி’ என்ற எழுத்தை அடுத்துத் தயாரிப்பாளர் எண், ‘டி’ என்ற எழுத்தை அடுத்துச் சாதன எண், கடைசியில் டிரைவரின் பெயர். எண்கள் எட்டு இலக்கமாக, முன்னால் பூச்சியங்களோடு இருக்கும்: 8086 என்பது 00008086 ஆகும், 1533 என்பது 00001533 ஆகும். ‘கிரெப்’ கட்டளையால் இரண்டையும் சேர்த்துத் தேடினால் ‘ஐஜிபி’ என்ற டிரைவர் பெயரோடு வரி வந்து நிற்கும். வந்துவிட்டால் இந்தக் கெர்னலுக்கு அந்தச் சிப் தெரியும்.

இதில் பலரும் சறுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. பதினாறடிமான எண்ணில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும். எல்எஸ்பிசிஐ அவற்றைச் சிறிய எழுத்தில் காட்டும். இந்தக் கோப்பிலோ அவை பெரிய எழுத்தில் இருக்கும். ரியல்டெக்கின் தயாரிப்பாளர் எண்ணில் இரண்டு எழுத்துகள் இருப்பதால், எல்எஸ்பிசிஐ காட்டியதை அப்படியே நகலெடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆதரவு இல்லை என்று தவறாக முடிவுகட்டிவிடுவோம். கிரெப்போடு ஐ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எழுத்தின் அளவைப் பொருட்படுத்தாமல் தேடும். இன்னொன்று: கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிய டிரைவர்கள் இந்தக் கோப்பில் வராமல் போகலாம். அவற்றின் பெயர்கள் அதே அடைவில் ‘மாட்யூல்ஸ்.பில்டின்’ கோப்பில் இருக்கும்.

ஐடி எண்ணே தேவைப்படாத வகைகளும் உண்டு. கார்டு வாங்குபவருக்கு இது பெரிய நிம்மதி. பிசிஐ சாதனம் ஐடியோடு தன் வகுப்பு எண்ணையும் சொல்லும். சாட்டா கன்ட்ரோலர் ஏஹெச்சிஐ என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றினால், யார் செய்ததாக இருந்தாலும் ஒரே டிரைவர் அதை ஓட்டும். யூஎஸ்பி 3க்கு எக்ஸ்ஹெச்சிஐ, எஸ்எஸ்டிக்கு என்விஎம்இ என்று அவற்றுக்கும் இதேபோல் பொதுத் தரம் இருக்கிறது. மாட்யூல்ஸ்.அலியாஸில் இந்த வரிகளைப் பார்த்தால் தயாரிப்பாளர் எண் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிதான் இருக்கும்: ‘எவராக இருந்தாலும் சரி’ என்று பொருள். அதனால்தான் ஏஎஸ்மீடியா, ஜேமைக்ரான் சிப் போட்ட சாட்டா கார்டுகள் லினக்ஸில் தகராறு செய்வது அபூர்வம். பொதுத் தரம் இல்லாத வைஃபை, நெட்வொர்க், ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது), டிவி டியூனர் கார்டுகளில்தான் ஐடி வேட்டை கட்டாயம். சவுண்டு கார்டுக்கும் அப்படியே. ஏசுஸ் சோனார் வரிசையில் பலவும் சி-மீடியா சிப்பை வைத்தே செய்தவை என்பதால் அவற்றுக்குக் கெர்னலிலேயே டிரைவர் உண்டு.

நாம் வைத்திருப்பது பழைய கெர்னலாக இருந்தால், எந்தப் பதிப்பில் ஆதரவு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2.5 கிகாபிட் ரியல்டெக் 8125 சிப்புக்குக் கெர்னல் 5.4 வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபைக்கு 5.10. மீடியாடெக் எம்டி7921க்கு 5.12. இவற்றை டிஸ்ட்ரோக்களோடு, அதாவது கெர்னலோடு மற்ற மென்பொருளும் சேர்ந்து வரும் லினக்ஸ் தொகுப்புகளோடு பொருத்திப் பாருங்கள்: உபுண்டு 20.04 வெளியானபோது அதில் இருந்தது 5.4, டெபியன் 11இல் 5.10, உபுண்டு 22.04இல் 5.15, டெபியன் 12இல் 6.1, உபுண்டு 24.04இல் 6.8. டெபியன் 11இல் மீடியாடெக் கார்டைச் செருகிவிட்டு வைஃபை வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை. அந்தக் கெர்னல் வெளியானபோது டிரைவரே சேரவில்லை. புதிய கெர்னலைப் போட்டால் தீரும்.

புதிய கெர்னல் என்றாலே எல்லாக் கார்டும் ஓடும் என்பதும் தவறு. வணிக நிறுவனங்களுக்கான டிஸ்ட்ரோக்கள் பழைய வன்பொருளை வேண்டுமென்றே கழற்றிவிடும். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தபோது, வீட்டுச் சர்வர் வைத்திருப்பவர்கள் பெரிதும் நம்பியிருந்த எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 சிப்புக்கான (எஸ்ஏஎஸ் என்பது சர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு முறை) ஆதரவு எடுக்கப்பட்டது. டிரைவர் இருந்தது, அதன் பட்டியலிலிருந்து 1000:0072 என்ற ஐடி மட்டும் நீக்கப்பட்டது. மூலக் கெர்னலில் அந்த ஐடி அப்படியே இருக்கிறது, டெபியனில் அந்தக் கார்டு ஓடுகிறது. ரெட் ஹேட் குடும்பத்திலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் இஎல்ரெப்போ களஞ்சியத்திலிருந்து தனி மாட்யூலைப் போட்டுச் சமாளித்தார்கள். பிறகு அல்மாலினக்ஸ் 9.4 இத்தகைய பழைய டிரைவர் ஐடிகள் பலவற்றைத் திரும்பச் சேர்த்தது. ‘லினக்ஸில் ஓடுமா’ என்ற கேள்விக்கு டிஸ்ட்ரோவின் பெயரும் பதிப்பும் சேர்ந்தால்தான் அர்த்தம் வரும்.

ஃபர்ம்வேர் என்ற இரண்டாவது பூட்டு

டிரைவர் இருந்தும் கார்டு ஊமையாக நிற்கிறதென்றால் முதல் சந்தேகம் ஃபர்ம்வேர் மேல் விழ வேண்டும். வைஃபை சிப்கள் பெரும்பாலும் தமக்கான நிரலைத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிரைவர் அதை லிப் அடைவில் உள்ள ஃபர்ம்வேர் கோப்பிலிருந்து எடுத்துச் சிப்புக்குள் ஏற்றும். கோப்பு இல்லையென்றால் எல்எஸ்பிசிஐ கார்டைக் காட்டும், மாட்யூலும் ஏறியிருக்கும், ஆனால் நெட்வொர்க் இடைமுகம் வராது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசெக்’ கட்டளையை (டி, எம், இ, எஸ், ஜி) ரூட் உரிமையோடு ஓட்டி ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடினால், எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லிவிடும். அந்தப் பெயரை அப்படியே வைத்து எந்தத் தொகுப்பில் அது இருக்கிறது என்று தேடிப் போட வேண்டும்.

டெபியனில் இது பல ஆண்டுத் தலைவலி. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்காமல் இருந்தார்கள். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவல் கோப்பிலேயே இருக்கிறது. பழைய டெபியனை வைத்துக் கார்டைச் சோதித்துவிட்டு ‘ஓடவில்லை’ என்று எழுதியவர்களின் குறிப்புகளில் பல இந்த ஒரே காரணத்தால் இன்று செல்லாது.

யூஎஸ்பி 3 கார்டுகளிலும் இந்தப் பூட்டு உண்டு. ரெனசாஸ் சிப்போடு ஒரு சின்ன எட்டுக்கால் ரோம் சிப்பையும் கார்டில் வைத்திருந்தால் அதன் ஃபர்ம்வேர் அதிலேயே இருக்கும். விலையைக் குறைக்க அந்த ரோமை விட்டுவிட்டுச் செய்த கார்டுகளில் ஃபர்ம்வேரைக் கணினிதான் ஏற்ற வேண்டும். அதற்கான வசதி கெர்னல் 5.8இல்தான் வந்தது, கோப்பையும் நாமே தேடிப் போட வேண்டியிருக்கும். கார்டின் படத்தில் அந்தச் சின்னச் சிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி கார்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பவர் சப்ளையிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் கனெக்டர். அது இல்லாத கார்டில் நான்கு வெளி டிஸ்க்குகளைச் செருகினால் டிஸ்க்குகள் துண்டித்துத் துண்டித்து இணையும். பழி டிரைவர் மேல் விழும்.

ஸ்லாட் செய்யும் மாயம்

நீளமான ஸ்லாட் என்றால் பதினாறு லேன் (தரவு ஓடும் தடம்) இருக்கும் என்று நம்பாதீர்கள். பல மதர்போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட்டுக்குள் நான்கு லேன்தான் இணைந்திருக்கும். எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டினால் அந்த நான்கும் போய்விடுகிற போர்டுகளும் உண்டு. கையேட்டில் ஸ்லாட் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இதை எழுதியிருப்பார்கள். கார்டு எல்எஸ்பிசிஐயில் தெரியவே இல்லை என்றால் டிரைவரைத் தேடுவதற்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். எல்எஸ்பிசிஐயில் தெரிவதற்கு டிரைவர் வேண்டியதில்லை. அங்கே தெரியாதது வன்பொருள், ஸ்லாட், பயாஸ் சங்கதி.

லேன் கணக்கு வேகத்துக்கும் முக்கியம். இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேன் நொடிக்கு 500 மெகாபைட். மூன்றாம் தலைமுறையில் ஏறக்குறைய 985. ஏஎஸ்எம்1061 சிப் போட்ட சாட்டா கார்டு இரண்டாம் தலைமுறை, ஒற்றை லேன், இரண்டு போர்ட். அதே சிப்போடு, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிப்ளையர் சேர்த்து எட்டு, பத்து போர்ட் என்று விற்கிறார்கள். பத்து டிஸ்க்கும் அந்த 500 மெகாபைட்டைப் பங்குபோட வேண்டும். ஒரு டிஸ்க் தடுமாறினால் அதே மல்டிப்ளையரில் இருக்கும் மற்றவையும் சேர்ந்து தடுமாறும். ரெய்டு அல்லது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைப்பவர்கள் இத்தகைய கார்டை வாங்கவே கூடாது. ஐந்து, ஆறு போர்ட் போதுமென்றால் மூன்றாம் தலைமுறை இரட்டை லேனில் ஓடும் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166. அதற்கு மேல் எண்ணிக்கை வேண்டுமென்றால் எல்எஸ்ஐ வகை ஹெச்பிஏ, அதாவது டிஸ்க்குகளை நேரடியாக இணைக்கும் கன்ட்ரோலர் கார்டுதான் சரி.

வைஃபையில் ஸ்லாட் வேறு மாதிரி ஏமாற்றும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்க்க ஒன்றுபோல எம்.2 அட்டை. முன்னது சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. பின்னது சிஎன்விஐ என்ற முறையில் வேலைசெய்வது. அதன் பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. ஏஎம்டி போர்டிலோ, பிசிஐ அடாப்டர் அட்டையிலோ வைத்தால் அது உயிர் பெறாது. எந்த இயக்குதளமும் அதை எழுப்ப முடியாது. டெஸ்க்டாப் வைஃபை கார்டில் வைஃபை மட்டும்தான் பிசிஐ வழியாக வரும். புளூடூத் யூஎஸ்பி வழியாக வரும். அதற்கென்று ஒரு மெல்லிய கேபிள் கார்டோடு வரும். அதை மதர்போர்டின் ஒன்பது பின் யூஎஸ்பி 2 ஹெட்டரில் செருக வேண்டும். செருகாமல் விட்டால் ‘எல்எஸ்யூஎஸ்பி’யில் புளூடூத் தெரியாது. லினக்ஸில் புளூடூத் ஓடவில்லை என்று சொல்லப்படுவதில் கணிசமானது இந்தக் கேபிள்தான்.

பென் டிரைவில் லைவ் சோதனை

கார்டு கைக்கு வந்ததும், பயன்பாட்டில் இருக்கும் கணினியில் நேராகச் செருகாமல் லைவ் யூஎஸ்பியில் சோதித்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய கார்டு வாங்குகிறீர்கள், கடையில் சோதனை மெஷின் ஒன்று இருக்கிறது என்றால் பென் டிரைவைக் கையோடு கொண்டுபோகலாம். நீங்கள் நிறுவியிருக்கும் டிஸ்ட்ரோவின் அதே பதிப்பையே பென் டிரைவில் எழுதுங்கள். வேறு டிஸ்ட்ரோவின் புதுக் கெர்னலில் ஓடியது உங்கள் கணினியில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பவர் சப்ளையின் பின் சுவிட்சை அணைத்து, கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்து ஸ்லாட்டில் நேராக அழுத்தித் திருகு போடுங்கள். லைவ் அமர்வு வந்ததும் பார்க்க வேண்டியவை இரண்டுதான். எல்எஸ்பிசிஐயில் கார்டு இருக்கிறதா, அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா. ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ வரி மட்டும் இருந்து ‘இன் யூஸ்’ வரி இல்லையென்றால், டிரைவர் இருக்கிறது, ஆனால் கார்டைப் பிடிக்க முயன்று தோற்றிருக்கிறது. காரணம் டிமெசெக்கில் இருக்கும்.

பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் எஸ்ஏஎஸ் கார்டுகளில் விநோதமான சிக்கல் ஒன்று உண்டு: கார்டைச் செருகினால் டெஸ்க்டாப் பூட் கூட ஆகாது, திரை கறுப்பாகவே நிற்கும். பல நேரம் கார்டு பழுதாகியிருக்காது. பிசிஐ ஸ்லாட்டில் எஸ்எம்பஸ் என்ற நிர்வாகத் தொடர்புக்கு இரண்டு பின்கள் உண்டு. சர்வருக்காகச் செய்த கார்டு அதில் பேசுவது சில டெஸ்க்டாப் போர்டுகளில் மெமரியைக் கண்டறிவதையே குழப்பிவிடும். கார்டின் சிப் இருக்கும் பக்கத்தில், உலோகப் பட்டை பக்கத்திலிருந்து எண்ணி ஐந்தாவது, ஆறாவது தங்கப் பின்களை மட்டும் வெப்பம் தாங்கும் கேப்டான் டேப்பால் மூடிச் செருகினால் பூட் ஆகிவிடும். டேப் இரண்டு பின்களின் அகலத்தைத் தாண்டக் கூடாது, மேல் விளிம்புவரை ஏற்றி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் செருகும்போது உரிந்து ஸ்லாட்டுக்குள் தங்கிவிடும்.

இந்த எஸ்ஏஎஸ் கார்டுகளில் ஐடி எண்ணே ஒரு செய்தி சொல்லும். எஸ்ஏஎஸ்2008 சிப் 1000:0072 என்று தெரிந்தால் அது சாதாரண ஹெச்பிஏ. ‘எம்பிடி3எஸ்ஏஎஸ்’ டிரைவர் எடுத்துக்கொள்ளும். அதே சிப் 1000:0073 என்று தெரிந்தால் உள்ளே மெகாரெய்டு ஃபர்ம்வேர் இருக்கிறது. ‘மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்’ டிரைவர் எடுக்கும், டிஸ்க்குகளுக்கும் நமக்கும் நடுவில் ரெய்டு அடுக்கு ஒன்று வந்து நிற்கும். இசட்எஃப்எஸ் வைப்பவர்களுக்கு அது ஆகாது. ‘இனிஷியேட்டர் டார்கெட்’ முறை ஃபர்ம்வேர் (சுருக்கமாக ஐடி முறை; ஐடி எண்ணோடு இதற்குத் தொடர்பில்லை) ஏற்றிய கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். இவை சர்வரின் பலமான காற்றோட்டத்தை நம்பிச் செய்தவை. டெஸ்க்டாப் கேபினட்டில் ஹீட் சிங்க்கின் மேல் ஒரு 40 மிமீ ஃபேன் கட்டாயம் வையுங்கள். சும்மா இருக்கும்போது ஓடி, பெரிய நகலெடுப்பின் நடுவில் டிஸ்க்குகளையெல்லாம் உதறிவிடும் கார்டு பெரும்பாலும் சூட்டில் வாடுகிறது.

டிரைவர் ஏறியதோடு வேலை முடியவில்லை

எல்எஸ்பிசிஐயை இரண்டு வி எழுத்துகளோடு ரூட் உரிமையில் ஓட்டினால் ‘லிங்க்கேப்’, ‘லிங்க்ஸ்டா’ என்று இரண்டு வரிகள் வரும். முதலாவது கார்டால் முடிந்த வேகமும் லேனும். இரண்டாவது இப்போது கிடைத்திருப்பது. இரண்டாவதில் ‘டவுன்கிரேடட்’ என்று இருந்தால் ஸ்லாட் போதவில்லை, அல்லது தங்கப் பின்களில் அழுக்கு. கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக் காட்டும். அதை வேலை கொடுத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் கார்டில் ‘ஐபெர்ஃப்3’ ஓட்டிப் பாருங்கள். ஒரு கிகாபிட்டில் நொடிக்குச் சுமார் 940 மெகாபிட், 2.5 கிகாபிட்டில் சுமார் 2.35 கிகாபிட் வந்தால் முழு வேகம். பத்து நிமிடமாவது இரு திசையிலும் ஓட்டிவிட்டு, ‘ஈத்டூல்’ கட்டளையைப் பெரிய எஸ் எழுத்தோடு ஓட்டிப் பிழை எண்ணிக்கைகளைப் பாருங்கள். இன்டெல் ஐ225 சிப்பின் தொடக்கப் பதிப்புகளில் சில சுவிட்சுகளோடு 2.5 கிகாபிட்டில் பாக்கெட் இழக்கும் வன்பொருள் குறையே இருந்தது. டிரைவர் ஏறும், இணைப்பு வரும், வேகம் மட்டும் வராது. 10 கிகாபிட்டுக்குப் பழைய இன்டெல் எக்ஸ்520 வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இன்டெல் குறியீடு இல்லாத எஸ்எஃப்பி மாட்யூலை (கேபிளைக் கார்டோடு இணைக்கும் செருகி) மாட்டினால் ‘ஐஎக்ஸ்ஜிபிஇ’ டிரைவர் ஏற மறுத்துவிடும். ‘அலவ்_அன்சப்போர்ட்டட்_எஸ்எஃப்பி’ என்ற அளவுருவுக்கு 1 கொடுத்து மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் எழுதி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்ட வேண்டும்.

வைஃபை கார்டை ரூட்டர்போலப் பயன்படுத்த நினைத்தால் ‘ஐடபிள்யூ லிஸ்ட்’ வெளியீட்டில் ‘ஏபி’ (அக்சஸ் பாயிண்ட்) முறை இருக்கிறதா, 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களுக்கு எதிரே ‘நோ ஐஆர்’ (அதில் தானாக ஒலிபரப்பத் தடை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் கார்டுகள் பயனராக இணைவதற்கு அருமையானவை. 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்ப அவற்றின் ஃபர்ம்வேர் விடாது. அந்த வேலைக்கு மீடியாடெக் சிப்பே மேல்.

டிமெசெக்கில் ‘பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட்’ என்று வரிவரியாக ஓடினால் உடனே கெர்னலில் குறை தேட வேண்டாம். முதலில் கார்டைக் கழற்றிப் பின்களைத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். ரைசர் கேபிள் இருந்தால் நீக்குங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் பூட் வரியில் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’ சேர்த்து, மின்சிக்கன முறையை நிறுத்திப் பாருங்கள். பிறகு தூங்கவைத்து எழுப்பும் சோதனை. பல கார்டுகள் பூட் ஆனதும் ஒழுங்காக ஓடும், சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் காணாமல் போகும்.

டிரைவர் கெர்னலில் இல்லை, தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் வழியாகக் கம்பைல் செய்ய வேண்டும் என்றால், முடிந்தவரை அந்தக் கார்டையே வாங்காதீர்கள். கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது உடைய வாய்ப்பு உண்டு. நெட்வொர்க் கார்டாக இருந்தால் சரிசெய்யத் தேவையான கோப்பைப் பதிவிறக்கவும் வழி இருக்காது. கையொப்பமிட்ட நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத மாட்யூல் ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்ற பிழையோடு நின்றுவிடும். ‘மோக்யூடில்’ வழியாக நம் சாவியைப் பதிந்தால்தான் ஏறும்.

லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளம், அதன் மேல் கட்டிய ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்கள் வைத்திருப்பவர்கள் ‘பிசிஐகான்ஃப்’ கட்டளையை எல், வி எழுத்துகளோடு ஓட்ட வேண்டும். வரியின் தொடக்கத்தில் ‘நன்’ என்று இருந்தால் அந்தக் கார்டை எந்த டிரைவரும் எடுக்கவில்லை. லினக்ஸில் ஓடுவது அங்கேயும் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரியல்டெக் 8125க்கு நீண்ட காலம் அங்கே தனி மாட்யூல் தேவைப்பட்டது. ஃபயர்வால் கட்டுபவர்கள் இன்டெல் நெட்வொர்க் சிப்பையே கேட்டு வாங்குவதன் காரணம் இதுதான்.

எல்லாம் சரியாகி, கார்டை நிரந்தரமாக மாட்டும் நாளில் வரும் சிக்கல் ஒன்று: கார்டு பழுதில்லை, டிரைவர் ஏறியிருக்கிறது, ஆனால் மதர்போர்டில் முதலிலிருந்தே இருந்த நெட்வொர்க் நின்றுபோயிருக்கும். புதுக் கார்டு நடுவில் வந்ததால் பிசிஐ பஸ் எண்கள் ஒன்று தள்ளிப்போகும். இடைமுகப் பெயர் அந்த எண்ணை வைத்தே சூட்டப்படுவதால் நேற்று ‘இஎன்பி3எஸ்0’ ஆக இருந்தது இன்று ‘இஎன்பி4எஸ்0’ ஆகிவிடும். அமைப்புக் கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் உள்ளே நுழையும் வழியே அடைபடும். கார்டு மாட்டுவதற்கு முன்பே நெட்பிளானில் மேக் முகவரியை வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், அல்லது சிஸ்டம்டியின் ‘லிங்க்’ கோப்பில் அந்த மேக் முகவரிக்கு நிலையான ஒரு பெயரைக் கொடுத்துவிடுங்கள். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பிலும் டிஸ்க்குகள் ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்ற பெயரில் எழுதியிருந்தால் அதே வேளையில் வரிசை மாறினாலும் மாறாத யூயூஐடி அடையாள எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். புதிய சாட்டா கார்டு அந்த வரிசையையும் கலைத்துவிடும்.